128 நிமிடமும் 94 நிமிடமும்: கண்ணாடி நார்க் கம்பி போட்ட இரண்டு உத்தரங்களின் தீச்சோதனை

இரண்டு கான்கிரீட் உத்தரங்கள். அகலம் 350 மில்லிமீட்டர், உயரம் 400, நீளம் நாலு மீட்டருக்குச் சற்று மேல். அலுவலகக் கட்டடங்களில் சாதாரணமாகப் பார்க்கிற அளவுதான். ஆனால் உள்ளே இழுவிசையைத் தாங்கும் கம்பி இரும்பு இல்லை. கண்ணாடி நாரைப் பிசினில் நனைத்து, இழுத்து, இறுகவைத்துச் செய்த கம்பி. மேலே பாரம் ஏற்றிவைத்துவிட்டுக் கீழே சூளையைப் பற்றவைத்தார்கள். முதல் உத்தரம் 128 நிமிடம் நின்றது. இரண்டாவது 94 நிமிடம்.

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனை இது. முடிவுகள் 2006-ல் வெளியாயின. பிரிட்டனில் கட்டடத்தின் உயரத்தையும் பயன்பாட்டையும் பார்த்து 30, 60, 90, 120 நிமிடம் என்று தீத்தாங்கும் நேரம் கேட்பார்கள். இரண்டுமே 90 நிமிடத்தைத் தாண்டிவிட்டன. சரி, பாஸ். அத்தோடு கோப்பை மூடிவிடலாம் என்றுதான் தோன்றும்.

எனக்கு மூட மனம் வரவில்லை. அந்தக் கம்பியின் பிசின் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். (இந்தக் கட்டுரை முழுக்க டிகிரி என்றால் செல்சியஸ்.) 94-வது நிமிடத்தில், தரச்சோதனைக்கான வெப்பக்கோட்டின்படி, சூளைக்குள் 1,010 டிகிரிக்கும் மேல். 128-வது நிமிடத்தில் ஏறக்குறைய 1,060. 100 டிகிரியில் இளகுகிற பொருள் இத்தனை நேரம் எப்படி நின்றது? இதற்குப் பதில் தெரிந்தால்தான் நம் வரைபடத்தில் இருக்கும் உத்தரம் நிற்குமா என்று சொல்ல முடியும். பதில் தெரியாமல் 90 நிமிடம் என்கிற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவது ஆபத்து.

கையில் எடுத்துப் பார்த்தால்

16 மி.மீ. கண்ணாடி நார்க் கம்பியை 6 மீட்டர் நீளத்துக்கு வெட்டித் தூக்கினால் இரண்டரைக் கிலோகூட வராது. அதே அளவு இரும்புக் கம்பி ஒன்பதரைக் கிலோ. மேற்பரப்பில் மணல் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் சுருளாகப் பள்ளம் விழுந்திருக்கும். கான்கிரீட் பிடித்துக்கொள்வது அந்த மேல்தோலைத்தான். வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்முனைகள் நெருக்கமாக நிற்க, இடைவெளியைப் பிசின் நிரப்பியிருக்கும். துரு பிடிக்காது. உப்புக் காற்று அடிக்கும் பாலம், கடற்சுவர் என்றால் இதைத் தேடி வருவதற்கு அதுதான் காரணம்.

நெடுக்குவாட்டில் இழுத்தால் இரும்பைவிட அதிக வலிமை காட்டும். ஆனால் விறைப்பு இரும்பில் கால் பங்குதான். இரும்புக்கு 200 கிகாபாஸ்கல் என்றால் இதற்கு 45, 50. அதனால் கண்ணாடி நார் உத்தரத்தை வடிவமைப்பவர் வலிமைக்காகக் கம்பி போடுவதில்லை. தொய்வையும் விரிசலையும் அடக்கத்தான் போடுகிறார். வலிமைக்குத் தேவையானதைவிட நிறையவே கம்பி விழுந்துவிடும். போதாததற்கு, நீண்ட காலம் பாரத்தில் நின்றால் கண்ணாடி நார் மெல்ல அறுந்துபோகும் இயல்பு உண்டு என்பதால், நிரந்தரப் பாரத்தில் இழுப்பை அதன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொன்னார்கள் அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் பழைய வழிகாட்டிகள். தீப்பிடிக்கும் நேரத்திலும் கம்பி தன் வலிமையில் சிறு பங்கைத்தான் சுமந்துகொண்டிருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குக்கு வரும்.

சூட்டைப் பொறுத்தவரை நாரும் பிசினும் இரண்டு வேறு பொருள்கள். கண்ணாடி நார் பல நூறு டிகிரியை அலட்டிக்கொள்ளாது. பிசின் அப்படி இல்லை. முதலில் ரப்பர் போல இளகும். 300-லிருந்து 400-க்குள் சிதைந்து, வாயுவாகி, கரியாகிப் போய்விடும். கம்பிகளுக்கான அமெரிக்கத் தர விதி அந்த இளகுநிலை 100 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. மொத்தக் கம்பியாக இழுத்துப் பார்த்தால் சுமார் 325 டிகிரியில் பாதி வலிமை போய்விடும் என்பது பலரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. இரும்புக்கு அந்த நிலை 600-ஐ ஒட்டி வரும்.

சூளைக்குள்

தரச்சோதனையில் சூளை ஐந்தே நிமிடத்தில் 576 டிகிரிக்குப் போய்விடும். அரை மணியில் 842. ஒரு மணி நேரத்தில் 945. ஆனால் கான்கிரீட் சோம்பேறி. வெப்பம் உள்ளே ஏற நேரம் பிடிக்கும். கம்பியில் பதித்த வெப்ப உணரியின் கோட்டைப் பார்த்தால் முதலில் மெதுவாக ஏறும். 100 டிகிரிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்துவிடும். கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிற நேரம் அது. அடிக்கிற வெப்பம் முழுவதையும் அந்தத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் தீர்ந்ததும் கோடு மறுபடி எழும், இந்த முறை வேகமாக.

லண்டன் உத்தரங்களைக் காப்பாற்றியதில் முதல் பங்கு கவருக்கு, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டுக்கு. கம்பிக்குக் கீழே 70 மி.மீ. கான்கிரீட். சோதனை முடிந்ததும் அந்த ஆய்வாளர்கள் கண்ணாடி நார் உத்தரங்களுக்குக் குறைந்தபட்சம் 70 மி.மீ. கவர் வேண்டும் என்றே பரிந்துரைத்தார்கள். நம் சைட்டில் உத்தரத்துக்கு 25 அல்லது 30 மி.மீ. கவர் பிளாக் வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய எண். 30 மி.மீ. ஆழத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறு டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 70 மி.மீ. ஆழத்தில் இரண்டு மணி நேரம் கழித்தும் இருநூற்றுச் சொச்சத்தில் நிற்க வாய்ப்பு உண்டு. மூலைக் கம்பிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதற்கு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் சூடு வரும்.

70 மி.மீ. கவரைச் சும்மா யாரும் கொடுத்துவிட மாட்டார்கள். 400 மி.மீ. உயர உத்தரத்தில் 40 கவருக்குப் பதில் 70 வைத்தால் கம்பி 30 மி.மீ. மேலே ஏறுகிறது. வளைவைத் தாங்கும் கைநீளம் (மேலே அமுங்கும் கான்கிரீட்டுக்கும் கீழே இழுபடும் கம்பிக்கும் உள்ள தூரம்) கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அடிப்பரப்பில் விரிசலும் அகலமாகத் தெரியும். ஏற்கனவே தொய்வு அதிகமான கம்பிக்கு இது கூடுதல் அடி. நேரத்தை வாங்க ஆழத்தைக் கொடுக்கிறோம்.

சோதனையில் 'தோல்வி' என்றால் உத்தரம் உடைந்து சூளைக்குள் விழுவது என்று நினைக்க வேண்டாம். தொய்வு, தாங்குமுனைகளுக்கு இடையிலான தூரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தொட்டால் அந்த இடத்திலேயே நேரத்தைக் குறித்துவிடுவார்கள். நாலு மீட்டர் உத்தரத்துக்கு அது 200 மி.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஒரு தளம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த எல்லை ஏன் என்பது புரியும்.

பிடி எங்கே இருக்கிறது

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 70 மி.மீ. கவர் இருந்தும் 100 டிகிரியைக் கம்பி சோதனையின் நடுவிலேயே தாண்டிவிடும். பிசின் இளகிவிட்டது. அப்புறம் எப்படி?

கம்பி உத்தரத்துக்கு உதவ வேண்டுமானால் இரண்டு வேலை நடக்க வேண்டும். நார் இழுப்பைத் தாங்க வேண்டும். அந்த இழுப்பு கான்கிரீட்டிலிருந்து கம்பிக்குக் கைமாற வேண்டும். முதல் வேலை நாருடையது. இரண்டாவது முழுக்க மேல்தோலில் இருக்கும் பிசினுடைய வேலை. கயிறு எத்தனை தடிமனாக இருந்தால் என்ன, எண்ணெய்க் கையால் பிடித்தால் வழுக்கத்தான் செய்யும்.

1999-ல் வெளியான ஒரு சோதனைத் தொடர் இதை எண்ணில் காட்டியது. பலவகை நார்க் கம்பிகளைக் கான்கிரீட்டில் பதித்து, சூடாக்கி, இழுத்துப் பிடுங்கிப் பார்த்தார்கள். 200 டிகிரியைத் தாண்டியதும் நார்க் கம்பிகளின் பிடிமானத்தில் 80 முதல் 90 சதவீதம் போய்விட்டது. இரும்புக் கம்பிக்கு 250 டிகிரியிலும் போனது 40 சதவீதத்துக்குள்தான். கவனியுங்கள்: அந்த வெப்பத்தில் நார்க் கம்பியின் இழுவலிமை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. கம்பி அறுவதற்கு வெகு முன்பே பிடி நழுவிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கம்பி 16 மி.மீ. வலிமை 800 மெகாபாஸ்கல் என்று வைப்போம். முன்னே சொன்னபடி தினசரிப் பாரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 160 மெகாபாஸ்கல் இழுப்பு. குளிர்ந்த நிலையில் நம்பி எடுக்கக்கூடிய பிடிமானம் 4 மெகாபாஸ்கல் என்றால், அந்த இழுப்பைக் கான்கிரீட்டுக்குக் கடத்த எவ்வளவு நீளம் வேண்டும்? இழுப்பை விட்டத்தால் பெருக்கி, பிடிமானத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 160 மி.மீ. ஒரு சாண்கூட வேண்டாம். இதே இடம் 220 டிகிரியில் இருந்து, பிடிமானத்தில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் மிச்சம் என்றால்? 800-லிருந்து 1,600 மி.மீ. நாலு மீட்டர் உத்தரத்தில் பாதியிலிருந்து முனைவரை இருப்பதே 2,000.

வலிமைப் பக்கத்தையும் பாருங்கள். 325 டிகிரியில் பாதி போய் 400 மெகாபாஸ்கல் மிச்சம். தேவை 160. இரண்டரை மடங்கு கையில் இருக்கிறது. கம்பி அறுந்துபோகும் என்று பயந்து கவரைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து.

இதிலிருந்து ஒரு வழி தெரிகிறது. நடுவில் பிடி முழுக்கப் போனாலும், கம்பியின் இரண்டு முனைகளும் தீ படாத இடத்தில், குளிர்ந்த கான்கிரீட்டுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு இறுகப் பிடிபட்டிருந்தால்? நடுவில் கம்பி வெறும் கயிறாகிவிடும், பரவாயில்லை. இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டிய கயிறு, மேலே வளைவாக அமுங்கும் கான்கிரீட்: வில்லும் நாணும் போல. உத்தரம் என்று நாம் வரைந்தது தீயில் வில்லாக மாறி நிற்கும்.

குளிர்ந்த முனைகள்

வெறும் ஊகம் இல்லை இது. நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட தொடர், இதையே ஸ்லாபில் சோதித்தது. கவர் 32 மி.மீ., 51 மி.மீ. என இரண்டு அளவு. முனைகளில் தீ நேராகப் படாத பகுதியின் நீளத்தையும் மாற்றிப் பார்த்தார்கள்: சிலவற்றில் 250 மி.மீ., சிலவற்றில் 500. நீளமான குளிர்ந்த முனை கிடைத்த ஸ்லாப்களில் கடைசியில் நடுவில் நார் அறுந்துதான் தோல்வி வந்தது. அதாவது கம்பி தன் கடைசித் துளி வலிமையையும் கொடுத்துவிட்டே போனது. முனை குட்டையாக இருந்தவற்றில் கம்பி அறுவதற்குள் வழுக்கி வெளியே வந்துவிட்டது. முனை குட்டையாக இருந்தாலும் கம்பியை அங்கே மடக்கிவிட்டிருந்தால் பிடி நின்றது.

கனடாவில் முழு அளவு ஸ்லாப்களை வைத்துப் பின்னர் நடந்த சோதனை இன்னும் தெளிவு. கவர் 40 மி.மீ. மட்டுமே. முனையில் தீ படாத பகுதி 200 மி.மீ. பாரத்தோடு மூன்று மணி நேரம் தாங்கின. நம் கணக்கில் வந்த 160 மி.மீ.-க்குப் பக்கத்தில்தான் இந்த 200 இருக்கிறது. எடுத்துக்கொண்ட மதிப்புகள் என்னுடையவை, அதனால் இந்த ஒற்றுமையை ரொம்பவும் கொண்டாட மாட்டேன். ஆனால் அளவு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. எனக்கு அது போதும்.

மிலானில் நடந்த இன்னொரு தொடர் மறுபக்கத்தைக் காட்டியது. முழு நீளக் கம்பி போட்ட உறுப்புகள் நின்றன. சூடாகும் பகுதியில் கம்பியை லேப் போட்டு இணைத்தவை சீக்கிரமே போய்விட்டன. லேப் என்பதே இரண்டு கம்பிகளும் நடுவிலுள்ள கான்கிரீட்டை நம்பிக் கைகோர்ப்பதுதானே. பிசின் இளகியதும் கை விட்டுப்போகிறது. நடுவில் வெட்டிய கயிறு எப்படி நாணாகும்?

லண்டனுக்குத் திரும்புவோம். சூளைச் சோதனையில் உத்தரத்தின் முனைகள் சூளைச் சுவருக்கு மேல், தாங்கிகளில் உட்காரும். அந்த முனைகளில் நெருப்பு படாது. 128 நிமிடமும் 94 நிமிடமும் பிசினின் பெருமை இல்லை. ஆழமான கவர் நாரைக் காத்தது, முனைகளில் இருந்த குளிர்ச்சி பிடியைக் காத்தது என்றே நான் அதைப் படிக்கிறேன். ஆகவே அந்த எண்களை, முனைவரை தீயில் நிற்கப்போகிற ஓர் உத்தரத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. நிஜக் கட்டடத்தில் ஓர் அறை முழுக்கப் பற்றினால் தூணை ஒட்டிய உத்தரமுனையும் வேகும். அங்கே கம்பி தூணைத் தாண்டி அடுத்த பக்கம் போகிறதா, தூணுக்குள்ளேயே முடிகிறதா என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தூணின் நடுப்பகுதி வெகு நேரம் குளிர்ந்திருக்கும். அதுவரை கம்பி போனால் நல்லது.

அந்த 34 நிமிட வித்தியாசம்

128 நிமிடம் நின்ற உத்தரத்தில் இருந்தது, ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத பிசின். 94 நிமிடம் நின்றதில் இருந்தது, சூட்டில் உருகி, ஆறினால் மறுபடி இறுகும் வகை. இரண்டாவது வகைக்கு ஒரு கவர்ச்சி உண்டு: சூடாக்கி வளைத்துக்கொள்ளலாம். முதல் வகைக் கம்பியைச் சைட்டில் வளைக்கவே முடியாது. பார் பெண்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, வளைத்தால் நார் முறிந்துவிடும். ஹூக்கும், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கும் தொழிற்சாலையிலேயே வளைத்து வர வேண்டும்.

இறுகிய வகையின் மூலக்கூறுகள் வலைபோல ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. சூட்டில் தளர்ந்தாலும் ஓடாது. மற்றதில் அந்தப் பின்னல் இல்லை, அதனால் உருகி ஓடும். 34 நிமிட வித்தியாசத்துக்கு இது பொருத்தமான விளக்கம்தான். ஆனாலும் வகைக்கு ஓர் உத்தரம்தான் சோதித்தார்கள். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்து, இது எப்போதும் இத்தனை நிமிடம் கூடத் தாங்கும் என்று சொல்லக் கூடாது.

ரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுக்குக் கம்பிக்கு வெளியே, நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது ரிங்தான். கண்ணாடி நார் ரிங்கின் வளைவில் நார்கள் நசுங்கியும் நெளிந்தும் இருப்பதால் அங்கே வலிமை நேர்க்கம்பியைவிட வெகுவாகக் குறைவு. நாலு மூலையும் வளைவு, நாலு மூலையும் சூடு அதிகம் சேரும் இடம். வளைவில் தோற்கும் உத்தரம் தொய்ந்து எச்சரிக்கும். வெட்டுவிசையில் தோற்பது சொல்லாமல் கொள்ளாமல் போகும். தீத்தாங்கும் நேரம் கேட்கும் கட்டடத்தில் நானாக இருந்தால் முதலில் சரிபார்ப்பது ரிங்கைத்தான்.

வெளியே ஒட்டிய தாள்

உள்ளே கம்பி போடுவது ஒன்று, பழைய உத்தரத்தின் அடியில் கார்பன் நார்த் தாளை எபாக்ஸி பசையால் ஒட்டிப் பலப்படுத்துவது இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் அருகே இபாக் பாலத்தை 1991-ல் இப்படித்தான் சரிசெய்தார்கள். 175 கிலோ எஃகுத் தகட்டுக்குப் பதிலாக 6.2 கிலோ கார்பன் பட்டைகள். உலகம் முழுக்க இந்த முறை பரவ அது ஒரு பெரிய காரணம்.

இங்கே கவரே கிடையாது. பசை நேராக நெருப்பின் முகத்தில். அதுவும் சைட்டில் சாதாரணக் காற்றில் காய்ந்த எபாக்ஸியின் இளகுநிலை பெரும்பாலும் 60-லிருந்து 82 டிகிரிக்குள். காப்பு இல்லையென்றால் தீ பிடித்த சில நிமிடங்களில் தாள் இருந்தும் இல்லாத மாதிரி.

ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றமும் குயீன்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கார்பன் தாள் ஒட்டிய முழு அளவு டி-வடிவ உத்தரங்கள் இரண்டை, வெர்மிகுலைட்டும் ஜிப்சமும் கலந்த காப்புப் பூச்சு அடித்துச் சூளையில் ஏற்றினார்கள். பாரத்தோடு நாலு மணி நேரத் தரத்தைப் பெற்றன. முடிவு 2008-ல் வெளியானது. ஆனால் பசை? அந்தப் பூச்சுக்கு உள்ளேயும் பசையின் இளகுநிலை, நாலு மணி நேரம் முடிவதற்கு வெகு முன்பே தாண்டப்பட்டுவிட்டது. கடைசிவரை பாரத்தைத் தூக்கியது பழைய இரும்புக் கம்பி. பூச்சு அந்த இரும்பைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது.

இப்படித் தாள் ஒட்டுவதற்கான அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டியும் இதையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாள் முழுக்கப் போய்விட்டதாக வைத்து, பழைய உத்தரம் தனியாகத் தன் எடையையும் அன்றாடப் பாரத்தையும் தாங்குமா என்று பார்க்கச் சொல்கிறது. தாங்காது என்றால் அந்த உத்தரம் தாள் ஒட்டிச் சரிசெய்யக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டது. உத்தரம் பாதி பலத்தில் இருக்கிறது, தாள் ஒட்டி இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று யாராவது விலை சொன்னால், தீப்பிடித்த இரவில் என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். மனிதர்கள் தூங்குகிற கட்டடமாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

தீயே வேண்டாம், வெயில் போதும்

அதே வழிகாட்டி, பசை வேலை செய்யும் இடத்தின் வெப்பம் இளகுநிலைக்கு 15 டிகிரி கீழேயாவது இருக்க வேண்டும் என்கிறது. 60 டிகிரி பசை என்றால் 45. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். வெயில் நேராக விழும் கான்கிரீட் அதைவிட எவ்வளவோ சூடு. நிழலில் இருக்கும் உத்தரத்தின் அடிப்பக்கம் பிரச்சினை இல்லை. மொட்டைமாடித் தளத்தின் மேற்பரப்பு, கொதிகலன் அறை, பேக்கரி அடுப்புக்கு மேலிருக்கும் உத்தரம், இங்கெல்லாம் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் இளகுநிலையைப் படித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

உள்ளே போடும் கண்ணாடி நார்க் கம்பிக்கு வெயிலில் வேறொரு தொல்லை. நீளவாக்கில் அது கான்கிரீட்டோடு கிட்டத்தட்ட ஒத்து விரியும். குறுக்குவாட்டில் விரிவதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிகிரிக்கு மில்லியனில் 21, 22 பங்கு, கான்கிரீட்டுக்கு 10, 11. 16 மி.மீ. கம்பி முன்னைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தன் குழியைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பெருக்கப் பார்க்கும். சின்ன எண்தான். ஆனால் கவர் மெல்லியதாக இருந்தால் கம்பியின் நீளத்துக்கே கான்கிரீட்டைப் பிளக்க அது போதும். கம்பி விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கவரைக் குறைக்காமல் வைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

நம் வரைபடத்தில்

நம் நாட்டில் கான்கிரீட் கட்டுமானத்துக்கான தர விதி ஐ.எஸ். 456-ன் அட்டவணையில், இரு முனையிலும் வெறுமனே தாங்கிகளில் உட்காரும் உத்தரத்துக்கு 2 மணி நேரத்துக்கு 40 மி.மீ., 3 மணிக்கு 60, 4 மணிக்கு 70 என்று கவர் போட்டிருக்கும். அது இரும்புக்கு எழுதிய அட்டவணை. கண்ணாடி நார்க் கம்பிக்கு அதை அப்படியே எடுப்பது தவறு. இரும்புக்கு நாலு மணி நேரம் என்று சொன்ன அதே 70 மி.மீ.-தான் லண்டனில் 128-லும் 94-லும் முடிந்தது. அமெரிக்காவில் 2022-ல் வந்த கண்ணாடி நார்க் கம்பி விதியும், தீத்தாங்கும் நேரம் கேட்கும் கட்டடங்களில் இந்தக் கம்பியை வரவேற்கத் தயங்குகிறது. பாலத்திலும் கடற்சுவரிலும் இதைத் தாராளமாகப் போடலாம் என்று நம்புகிறவன் நான். குடியிருப்பின் உத்தரத்தில் போடுகிறவர், முழு நீளக் கம்பி, நடுவில் லேப் இல்லை, முனை தூணுக்குள் ஆழமாக அல்லது மடக்கி, என்று மூன்றையும் வரைபடத்தில் எழுதியே தர வேண்டும். எழுதாவிட்டால் சைட்டில் லேப் அவரவர் வசதிக்கு விழும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இரும்பில் அப்படித்தான் பழக்கம்.

தீ அணைந்த பிறகு

தீப்பட்ட கட்டடத்துக்குப் போகிற பொறியாளர் முதலில் கான்கிரீட்டின் நிறத்தைப் பார்ப்பார். ஜல்லியில் இரும்புச் சத்து இருந்தால் 300 டிகிரி வாக்கில் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். 600-க்கு மேல் சாம்பல் வெளுப்பு. ஒரு துண்டை வெட்டியெடுத்தால் அடுக்கடுக்காகத் தெரியும்: வெளியே வெளுப்பு, உள்ளே சிவப்புப் பட்டை, அதற்கும் உள்ளே பழைய நிறம். சிவப்பு கம்பியைத் தொட்டிருக்கிறது, வெளுப்பு தொடவில்லை என்றால் இரும்பு உத்தரத்தில் மூச்சு விடலாம். 600-க்குள் சூடான சாதாரணக் கம்பி ஆறியதும் தன் வலிமையைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும்.

கண்ணாடி நார்க் கம்பி உள்ள உத்தரத்தில் அதே சிவப்பு எதிர்மாறாகப் பேசும். பட்டை கம்பியைத் தொட்டிருந்தால் அங்கே பிசின் சிதையத் தொடங்கிவிட்டது, அது ஆறினாலும் திரும்பாது. கொத்திப் பார்த்தால் கம்பி பழுப்பேறி, கருத்து, நகத்தால் சீண்டினால் நார் நாராகப் பிரியும். 200 டிகிரிக்குள் போய்வந்த கம்பி வேறு கதை. இளகிய பிசின் ஆறியதும் மறுபடி விறைத்துக்கொள்ளும். இழுவலிமையில் பெரும்பகுதி கையில் இருக்கும். பிடிமானம் முழுக்கத் திரும்பியதா என்பதுதான் சந்தேகம்.

அதனால் கொத்த வேண்டிய இடமும் மாறுகிறது. இரும்பு உத்தரத்தில் அதிகம் கருகிய நடுப்பகுதியில் கை வைப்போம். இதில் முதலில் தாங்குமுனைக்குப் போங்கள். தூணின் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கவரை மெதுவாக, பெரிய பிரேக்கர் வேண்டாம், உளியால் எடுத்து, கம்பியின் மேல்தோலில் மணல் இன்னும் ஒட்டியிருக்கிறதா, கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்திருக்கிறதா, கம்பி உள்ளே இழுபட்ட தடம் தெரிகிறதா என்று பாருங்கள். உத்தரத்தின் அடியில் கொடுத்த தற்காலிக முட்டு எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு சாண் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.